முந்நூற்று ஒன்றாவது அடி

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: வயலின் பன்னிரண்டு பேர், வியோலா நான்கு பேர், செல்லோ மூன்று பேர், ஆளுயர டபுள் பேஸ் இரண்டு பேர், புல்லாங்குழல் இரண்டு பேர், கிளாரினெட் இரண்டு பேர், டிரம்பெட் மூன்று பேர், டிரம்போன் இரண்டு பேர், டிம்பனி என்கிற முரசுகளுக்கு ஒருவர், காங் என்கிற பெரிய வெண்கலத் தட்டுக்கு ஞானாபரணம், எல்லோருக்கும் எதிரே கோலைப் பிடித்து நின்ற பியூலா டீச்சர், ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செயலாளர் ஜெபமணிதாஸ், சாயா கொண்டுவந்த அய்யப்பன். ஆக முப்பத்தைந்து பேர். வாசலில் ஸ்கூட்டர் இருக்கையில் படுத்திருந்த நாயை ஞானாபரணம் சேர்க்கவில்லை, அது உள்ளே வரவில்லை.

அது பங்குனி மாதத்துக் கடைசி வியாழக்கிழமை. இடம் பூவரசன்விளை சபை மண்டபம். பியூலா டீச்சர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வாசித்துவந்த சபை வாத்தியக் குழுவுக்காக ஆறு வருஷம் உட்கார்ந்து ஒரு பெரிய இசையை எழுதியிருந்தார், ஜோசியக்காரரின் ஒன்பது கிரகங்களுக்கு அல்ல, விண்கலங்கள் போய்ப் பார்த்துச் சொன்ன எட்டுக் கோள்களுக்கு, கோளுக்கு ஒன்றாக எட்டுப் பகுதி. புதனில் ஒரு பகலும் ஒரு இரவும் கழிவதற்குள் அதற்கு இரண்டு வருஷம் ஆகிவிடும் என்பதால், அந்தப் பகுதியில் புல்லாங்குழல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க மற்றவர்கள் இரண்டு சுற்று ஓடிவந்து சேர்வார்கள். வெள்ளியில் பெய்கிற அமில மழை தரையைத் தொடுமுன்னே ஆவியாகிவிடும் என்பதால், வயலின்கள் இறங்கி இறங்கிப் பாதியில் நின்றுபோகும். செவ்வாயில் அந்தி நீலம் என்பதைச் செல்லோக்கள் சொல்லும். பூமியைவிடப் பெரிய வியாழனின் சிவப்புப் புயலை டிரம்பெட்டுகள் சுழற்றும்.

ஞானாபரணத்துக்கு வயது அறுபத்தாறு, படிப்பு ஐந்தாம் வகுப்பு, சுரத்தாள் வாசிக்கத் தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் எண்ணியவர். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற இடத்திலும் அவர் சொன்ன எண்ணிக்கையைத் திருப்பி எண்ணச் சொன்னவர் கிடையாது. கூச்சக்காரர், நாலு பேர் கூடிய இடத்தில் அவர் வாயிலிருந்து எண்களைத் தவிர வேறு வார்த்தை வருவது அபூர்வம். தட்டுக்கு அவரைக் கூப்பிட்டபோது, எதற்கு இந்தக் கிழவர் என்று செயலாளர் கேட்டார். "தட்டத் தெரிஞ்ச ஆளு தெருவுக்கு நாலு கிடைப்பாங்க. சும்மா நிக்கத் தெரிஞ்ச ஆளு கிடைக்கமாட்டாங்க" என்றார் டீச்சர்.

அது உண்மைதான், காங் வாசிக்கிறவருக்கு வேலை பெரும்பாலும் சும்மா நிற்பது. டீச்சரின் கோல் ஒரு தடவை இறங்கி ஏறினால் ஓர் அடி. வெள்ளியில் நாற்பத்தாறு அடி சும்மா நின்று ஒரு தட்டு. வியாழனில் எண்பத்தெட்டு அடி சும்மா நின்று இரண்டு தட்டு. அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சனியை முழுசாக வாசித்தார்கள். சனியில் முந்நூறு அடி சும்மா நிற்க வேண்டும். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் செல்லோ மட்டும் இழுத்து முந்நூறாவது அடியோடு நிற்க, முந்நூற்று ஒன்றாவதில் காங் ஒலிக்க வேண்டும்.

தோப்பில் தேங்காய் எண்ணுகிறவர் நூறு முடிந்ததும் ஒரு காயைத் தனியே ஓரமாக உருட்டிவிடுவார். அது நூற்றில் சேராது. நூறு ஆயிற்று என்பதற்கு அது சாட்சிக்காய். கடைசியில் ஓரத்துக் காய்களைப் பார்த்தால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். தோப்புக்கு வெளியே ஞானாபரணம் நூறைத் தாண்டி எதையும் எண்ணியதில்லை, எண்ணும்படி எதுவும் அவரிடம் இருந்ததும் இல்லை. அன்றைக்கு நூறு அடி முடிந்ததும் அவருடைய மனசு அவரைக் கேட்காமலே ஓர் அடியை ஓரமாக உருட்டிவிட்டது. இருநூறு முடிந்ததும் இன்னொன்றை உருட்டிவிட்டது. முந்நூறு முடிந்ததும் மூன்றாவதை. வாசித்து முடித்தவர்கள் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்க, டீச்சரின் கோல் அந்த மௌனத்துக்குள் மூன்று தடவை இறங்கி ஏறிற்று. அதன் பிறகே ஞானாபரணம் தட்டினார்.

காங்கின் ஒலி அடங்க நேரம் எடுத்தது. அடங்கும்போது சாயா எடுக்க வெளியே போயிருந்த அய்யப்பன் வாசலில் வந்து நின்றான்.

"டீச்சரே, வெளிய ஐஸு சுத்துது. சாயாவ உள்ள கொண்டாரட்டா, இல்ல நிக்கட்டா?"

"உள்ள கொண்டா" என்றார் செயலாளர். சாயா குடித்து முடித்து எல்லோரும் வெளியே போய்ப் பார்த்தார்கள்.

மண்டபத்தைச் சுற்றி, ஓட்டுக் கூரையின் விளிம்பு உயரத்தில், நாற்பதடி அகலத்துக்கு ஒரு வளையம். ஒரு முழம் கனம்கூட இல்லை. அரிசிமணி அளவிலிருந்து தேங்காய் அளவு வரைக்கும் பனிக்கட்டிகள், உள்ளே இருந்தவை வேகமாகவும் வெளியே இருந்தவை மெதுவாகவும், ஒன்றையொன்று இடிக்காமல், இடம்சுற்றாகப் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் யாரோ முறத்தில் அரிசி புடைப்பது போன்ற சத்தம். பியூலா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "உள்ளது வேகமா, வெளியது மெதுவா. அது சரியாத்தான் போகுது" என்றார்.

பூவரசன்விளைக்கு அது பழக ஐந்து நாள் ஆயிற்று. முதல் நாள் மின்வாரியத்து ஆள் வந்து, கம்பி பக்கமாக வளையம் வருகிற இடத்தில் கம்பத்தில் சிவப்புத் துணி கட்டிப் போனார். இரண்டாம் நாளிலிருந்து பேருந்து ஓட்டுநர்கள் மண்டபத்துக்கு முன்னால் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள், யாரும் சொல்லாமலே. மூன்றாம் நாள் மீன் விற்கிற மரியபுஷ்பம் தன் கூடையை வளையத்துக்குக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், வளையத்திலிருந்து ஒரு நாளைக்கு நூறு, நூற்றுப்பத்துக் கட்டிகள் உதிர்ந்துகொண்டிருந்தன, "விழுறததான் எடுக்குதேன், சுத்துறத நான் தொடவே இல்லியே" என்று கேட்காத ஆளிடமும் சொல்லிக்கொண்டாள். நான்காம் நாள் காக்கைகள் பெரிய கட்டிகளில் ஏறி உட்கார்ந்து, குளிருக்கு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு சுற்றுப் போய் ஏறின இடத்திலேயே இறங்கக் கற்றுக்கொண்டன. ஐந்தாம் நாள் சனிக்கிழமை இல்லாவிட்டாலும் ஏழரைச் சனி நடக்கிறவர்கள் எள்ளும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு தென்காசியிலிருந்துகூட வந்து இறங்கினார்கள்.

சபைக் கமிட்டி அதற்காகக் கூடிற்று. வேதக்கோயில் மண்டபத்தில் எள் விளக்கா என்று சிலர் கேட்டார்கள். மண்டபம் உள்ளே இருக்கிறது, வளையம் வெளியேதானே இருக்கிறது என்றார்கள் சிலர். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, கீழ்ப்பக்கம் மணல் தட்டில் மட்டும், சுவரில் எண்ணெய் படாமல் ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வந்தவர்கள் கோயிலைச் சுற்றுகிற வழக்கத்தில் வலம் வந்தார்கள்; வளையம் இடம் வந்தது; தலைக்கு மேலே எதிர்த்திசையில் அது கடகடவென்று கழிவதைப் பார்த்து, பீடையும் அதே வேகத்தில் கழிகிறது என்று திருப்தியாகப் போனார்கள்.

சித்திரை வெயில் உறைத்தபோது ஊரே மண்டபத்தைச் சுற்றித்தான் கிடந்தது. மின்சாரம் போகிற நேரங்களில் சுகாதார நிலையத்து நர்ஸ் ஊசிமருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து வாசல் நிழலில் வைத்தாள். வாத்தியக் குழுவில் ஒரு நாள்கூட ஒரு ஆள் குறையவில்லை; சனியை மட்டும், வளையம் என்ன ஆகுமோ என்று, மறுபடி வாசிக்காமல் வைத்திருந்தார்கள். குளிரில் நரம்புகள் இறங்கிவிடுவதால் ஒரு மணி நேரத்துக்கு நான்கு தடவை சுருதி கூட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஞானாபரணத்தின் மனைவி செல்லபாய்க்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு பாதமும் ஒன்பது வருஷமாக எரிச்சல். உதிர்ந்த கட்டிகள் உருகி ஓடுகிற வாய்க்காலில் காலை வைத்துக்கொண்டு அவள் பின்னேரம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். அந்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் தூக்கத்தில் காலை உதறாமல் இருந்தாள்.

வளையத்தை எண்ண வேண்டும் என்று ஞானாபரணத்திடம் யாரும் சொல்லவில்லை. வளையம் வந்த மறுநாளே அவராகக் காலை ஆறு மணிக்கு வாசல் தூண் ஓரமாக நின்று தொடங்கினார். ஒவ்வொரு தடத்திலும் நிறம் வேறான ஒரு கட்டியை அடையாளம் வைத்து, அது மறுபடி தூணுக்கு வரும்வரை கழிகிறவற்றை எண்ணினார். தடம் நாற்பத்தொன்று. முடியும்போது பதினொரு மணி. எண்ணாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு தினமும் எண்ணினார். தினமும் குறைந்தது. தான் மூன்று அடி பிந்தியதையும் தினமும் நினைத்தார், யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சரின் இசையை ஊருக்கு முன்னால் வாசிக்கிற நிகழ்ச்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது செயலாளர் ஊர்க்கூட்டம் போட்டார். அழைப்பிதழில் வளையத்தின் படம் அச்சாகிவிட்டது, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், வளையமோ நாளுக்கு நாள் மெலிகிறது. "அது எப்படி வந்துதுன்னு தெரிஞ்சா திரும்ப வரவைக்கலாம். அன்னைக்கு யாரு என்ன செஞ்சீங்க?"

முதல் வயலின்காரர், தான் அன்றைக்குப் பிடித்த உச்ச சுரம்தான் காரணம் என்றார். டபுள் பேஸ் வேலப்பன், "நீரு பிடிச்ச சுரத்துக்குப் பனி வராது வே, பல்லு கூசும்" என்றார். சிரித்து அடங்கினார்கள். அப்போது பின்வரிசையில் ஞானாபரணம் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் மூணு அடி பிந்தித் தட்டினேன்."

பிறகு, வேறு வழியில்லாமல், சாட்சிக்காயைப் பற்றிச் சொன்னார். சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கடைசி வார்த்தையையும் சொன்னார். முப்பத்தெட்டு வருஷத்தில் சொல்லாத வார்த்தை அது: எண்ணிக்கை தப்பிவிட்டது.

மரியபுஷ்பம்தான் முதலில், "அப்ப நல்லதாப் போச்சே அண்ணாச்சி. அந்த மூணையும் திரும்ப உருட்டுங்க" என்றாள்.

"அதேதான்" என்றார் செயலாளர். "நிகழ்ச்சியன்னைக்கும் மூணு அடி பிந்தியே தட்டும். வளையம் திரும்பக் கனமாகும். ஊருக்கு நல்லது, உமக்கும் நல்லது. முடியாதுன்னா சொல்லிரும், தட்டை வேற ஆளு கையில குடுத்திருதேன்."

"தெரியாம தப்புறது வேற" என்று ஞானாபரணம் தொடங்கினார். மீதியைச் சொல்வதற்குள் கூட்டம் எழுந்து சாயா குடிக்கப் போய்விட்டது.

மறுநாள் பின்னேரம் வாய்க்காலில் காலை வைத்திருந்த செல்லபாய் பக்கத்தில் ஞானாபரணம் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் வளையத்தைப் பார்த்தார்கள். அதனூடே ஆகாயம் நன்றாகவே தெரிந்தது.

"இன்னைக்கு எத்தனை?"

"நாலாயிரத்து அறுநூத்தி எழுபத்தி நாலு."

"நான் எனக்க காலப் பத்தித்தான் சொல்லுவேன்னு நெனச்சு வந்திருக்கீங்க."

அவர் வாய்க்காலில் வந்த ஒரு கட்டியை எடுத்து அவள் காலருகே விட்டார்.

"இந்தத் தண்ணி நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கல்யாணம் ஆன மறுநாளே நான் உரிச்ச உள்ளிய எண்ணிப் பாத்த மனுசன் நீங்க. எனக்க காலுக்காகக் கள்ள எண்ணிக்கை எண்ணிட்டு வந்து படுத்தீங்கன்னு வையுங்க, ராத்திரி நீங்க புரளுற புரளுல நான் தூங்கமாட்டேன். அதுக்கு இந்த எரிச்சலே மேல்." பிறகு, "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க. செஞ்சுட்டு எங்கிட்ட வந்து முகத்தத் தொங்கப்போடக் கூடாது" என்றாள்.

பியூலா டீச்சரிடமும் போனார். அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றார் டீச்சர். மூன்று தடவை கோலை வெறுமனே அசைத்தது அவர்தானே.

"அந்த மௌனம் நல்லாவே இருந்துது அண்ணாச்சி. வேணும்னா தாளிலயே சும்மா நிக்கிறத முந்நூத்தி மூணு அடின்னு திருத்திருதேன். அப்ப நீங்க தட்டினது தப்பே இல்ல. உங்க இடமும் போகாது."

ஞானாபரணத்துக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஊருக்கும் சரி, கமிட்டிக்கும் சரி, காலுக்கும் சரி.

"எண்ணி முடிச்ச பிறகு, நூறுங்கிறத நூத்தி ஒண்ணுன்னு வச்சுக்கிடலாம்னு சொன்னா எந்தக் கணக்கும் தப்பாது டீச்சரே. அப்புறம் எண்ணுறதுக்கு ஒரு ஆளு எதுக்கு?"

டீச்சர் திருத்த எடுத்த பென்சிலைக் கீழே வைத்தார். நிஜச் சனியின் வளையமும் இப்படித்தான் என்று சொன்னார். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சனியின் மேலேயே மழையாக உதிர்கிறது, சில கோடி வருஷத்தில் இருக்காது என்கிறார்கள். வளையம் வருவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே சனி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள்.

"வளையம் இல்லாதப்பவும் அதுக்குப் பேரு சனிதானா?" என்று கேட்டார் ஞானாபரணம்.

"பேரு வைக்க அப்ப யாரும் இல்ல."

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு. எள் விளக்குத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அன்று காலை எண்ணிக்கை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. உள்ளே இடம் போதாமல் ஜன்னல்களுக்கு வெளியே, வளையத்துக்குக் கீழே, பாதி ஊர் நின்றது. பூமிக்கு ஓர் அலையும் தூரத்து நாயின் குரைப்பும் கலந்த மெதுவான பகுதி, செவ்வாய்க்கு நீல அந்தி, வியாழனுக்குப் புயல். அதிகாரிகள் கைதட்டினார்கள். பிறகு சனி.

ஞானாபரணம் தட்டின் பக்கத்தில் நின்று எண்ணினார். ஐம்பதில் கிளாரினெட்டுகள் ஓய்ந்தன. நூறு முடிந்தது, ஒரு காய் உருளப் பார்த்தது, அதைக் காலால் நிறுத்துவதுபோல் நிறுத்தி நூற்றொன்று என்றார். நூற்றைம்பதில் டிரம்போன்கள் போயின. இருநூறு, இன்னொரு காய், நிறுத்தினார். இருநூற்று நாற்பதில் வயலின்கள் ஓய்ந்தன. முன்வரிசையில் செயலாளர் விரலை மடக்கி எண்ணுவதும், ஜன்னலில் மரியபுஷ்பம் கூடையோடு நிற்பதும், அவளுக்குப் பக்கத்தில் செல்லபாயின் நரைத்த தலையும் தெரிந்தன. எல்லோரும் மூன்று அடி மௌனத்துக்குத் தயாராக இருந்தார்கள். அவ்வளவு பேர் ஒன்றாக மூச்சை இழுத்து வைத்திருப்பதை அவர் கேட்டார். செல்லோ முந்நூறாவது அடியில் நின்றது. முந்நூற்று ஒன்றாவதில், ஒரு மயிரிழை முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், ஞானாபரணம் தட்டினார்.

காங் ஒலித்தது. இழுத்து வைத்த மூச்சை யாரும் விடவில்லை. பிறகு, அந்த ஒலி பாதி அடங்கும்போது, வளையம் உள்வாங்கிற்று. வெளியே மெதுவாகச் சுற்றியவை உள்ளே வந்தன, உள்ளே சுற்றியவை கூரைக்கு வந்தன, ஓடு முழுக்கச் சின்னதும் பெரியதுமாக அவசரமில்லாத ஒரு பெய்தல். ஒரு ஓடும் உடையவில்லை. டீச்சர் கோலைத் தாழ்த்தவில்லை. அந்தப் பெய்தலுக்கும் கோல் இறங்கி ஏறிற்று, அது நிற்கும்வரை. பிறகு யுரேனஸைத் தொடங்கினார். குழு அவரோடு போயிற்று. நெப்டியூனில் ஞானாபரணத்துக்கு நூற்று எழுபத்தொன்பது அடி சும்மா இருந்தது. சரியாக நின்றார்.

முடிந்த பிறகு செயலாளர் அவரிடம் வந்தார். தோள்பட்டை நனைந்திருந்தது.

"நானும் எண்ணினேன் வே. எனக்கு இருநூத்தி எழுபதுல விட்டுப்போச்சு." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வியாழக்கிழமை பயிற்சி அஞ்சு மணிக்கு. பிந்தி வந்திராதேயும்."

வெளியே ஜனங்கள் குடத்திலும் வாளியிலும் முந்தானையிலும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மரியபுஷ்பத்தின் கூடை நிறைந்திருந்தது; முகம் மட்டும் கொஞ்சம் கடுப்பாக இருந்தது. செல்லபாய் கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்றாள்.

"காலு எப்படி இருக்கு?"

"இப்பக் குளிருது. நாளைக்கு எரியும். நாளைக்குப் பாத்துக்கிடலாம்." அவர் முகத்தைப் பார்த்தாள். அது தொங்கியிருக்கவில்லை.

மேலே எல்லாமே விழுந்துவிடவில்லை. கூரை விளிம்பில் ஒரே ஒரு தடம், நூல் பிடித்ததுபோல், இன்னும் இடம்சுற்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஞானாபரணம் வாசல் தூணருகே போய் நின்றார். அள்ளிக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்துக் கையை நிறுத்தினார்கள். அதிகாரிகளின் ஓட்டுநர்கள் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார்கள். காக்கை இறங்கியிருந்த கட்டியை அடையாளம் வைத்துக்கொண்டு அவர் தொடங்கினார். அது மறுபடி தூணுக்கு வந்து சேர்ந்ததும் முடித்தார்.

"எத்தனை அண்ணாச்சி?" என்றாள் மரியபுஷ்பம், கடுப்பு மாறாமல்.

அவர் சொன்னார். அவள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், அவள் வேலப்பனிடம், வேலப்பன் அய்யப்பனிடம், அய்யப்பன் சாயாக்கடைக்கு. சாயாக்கடையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதும் அந்த எண் மாறியிருக்கவில்லை: நாற்பத்தேழு.